காலி சீட்டுக்கு ஒரு பெல்ட்

புத்தூரில் எலும்பு முறிந்தவன் கட்டுப் போடப் போய்ச்சேரும் இடம் ஊருக்கே தெரியும். வண்டி முறிந்தவன் வந்துசேர்வது கோவர்த்தனன் ஷெட்டுக்கு. கைராசிக்காரன்தான், ஆனால் வாய் இருக்கிறதே, யப்பா! வந்தவன் குறையைச் சொல்லி முடிக்க விடமாட்டான். "நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்பான். எதிரில் நிற்பவன் எல்லாம் முட்டாள் என்பது அவன் கண்ட ஞானம்.

ஐப்பசியில் ஒரு நாள், மதியம் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு தூறியது. ஹேமநாத் என்பவன் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பத்து நாள் முன்பு பழசாக வாங்கியது. மறுநாள் குழந்தைக்கு மொட்டை போட அதில்தான் குடும்பத்தோடு திருமலை ஏறப்போகிறான்.

"மேஸ்திரி, பக்கத்து சீட்ல யாருமே இல்ல. ஆனா பெல்ட் போடச் சொல்லி மணி அடிச்சிக்கினே கீது."

"பையைக் கிய்யை வெச்சிருப்பே."

"இல்லண்ணா. எங்க வீட்ல அதுல உக்காரவே பயப்படுது. யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி சூடா கீதாம்."

கோவர்த்தனன் கெக்கலி கொட்டிச் சிரித்தான். "உங்களுக்கெல்லாம் காரு ஒரு கேடு! ஆளு உக்காந்தா காட்டிக்குடுக்க சீட்டுக்கு அடியில சென்சார் கீது, ஈரம் பட்டிருக்கும். போ, டீ குடிச்சிட்டு வா."

சீட்டுக்குக் கீழே தலையை நுழைத்தான். ஈரம் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் வயர்க்கட்டைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. வயரில் பச்சை டேப், மூன்று சுற்று, நுனியை மடித்து ஒட்டியது. அப்படிச் சுற்றுகிறவன் புத்தூரில் ஒருத்தன்தான். கோவர்த்தனனேதான்.

கதவோரம் பெயிண்டை நகத்தால் சுரண்டினான். வெள்ளைக்கு அடியில் சிவப்பு.

கல்பனா டீச்சரின் கார்.

போன வருஷம் மூன்று முறை வந்தாள். "இறக்கத்துல பிரேக்கை மிதிச்சிக்கினே இருந்தா பெடல் மெல்ல உள்ள போவுது மேஸ்திரி" என்றாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சமதரையில் அரை பர்லாங் ஓட்டினான். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. "இங்க தெரியாது, இறக்கத்துக்குப் போங்க" என்று கெஞ்சினாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று நாலு பேர் முன்னால் சிரித்தான். சீட்டுக்கடியில் தொங்கிய வயரை மட்டும் சுற்றிவிட்டு அனுப்பிவைத்தான். மலையிலிருந்து இறங்கும்போது போய்ச்சேர்ந்தாள். ஓட்டத் தெரியாமல் செத்தாள் என்று ஊரெல்லாம் சொன்னவனும் இவனே. சீ, அதெல்லாம் ஒரு நாக்கா?

சென்சார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு சாவியைத் திருகினான்.

மணி அடித்தது.

ஃபியூஸைப் பிடுங்கினான்.

அடித்தது.

கடைசியில் பெல்ட்டை இழுத்துக் காலி சீட்டின் மேல் மாட்டினான். மணி அடங்கியது. "அவ்ளோதான்டா உங்க பேய்!" என்று உதட்டைப் பிதுக்கினான். ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம் என்று மழையில் கிளம்பினான்.

மேம்பாலம் ஏறும்போது சாக்பீஸ் வாசனை வந்தது. ஜன்னலை இறக்கினான். போகவில்லை. ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தான். தொய்ந்து கிடக்க வேண்டிய பெல்ட், ஒரு உடம்பைச் சுற்றியதுபோல் முன்னால் புடைத்து நின்றது.

மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு விடுவதுபோல.

பாலத்து இறக்கம். கீழே ஒரு லாரி நின்றிருந்தது. பிரேக்கை மிதித்தான், பிடித்தது. காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தான். பெடல் மெல்ல மெல்ல உள்ளே போய்த் தரையைத் தொட்டது.

"இப்ப தெரியுதா, மேஸ்திரி?"

காதுக்குப் பக்கத்தில், பொறுமையாக.

அலறிக்கொண்டே ஹேண்ட்பிரேக்கை இழுத்தான். வண்டி பக்கவாட்டில் வழுக்கி, லாரிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஊர்ந்து ஊர்ந்து ஷெட்டுக்கு வந்தான். ஹேமநாத் காத்துக்கொண்டிருந்தான். "சின்ன கோளாறுதானேண்ணா? காலைல மலைக்குப் போலாமா?"

'ஒண்ணுமில்ல, போ' என்பது நாக்கு நுனிவரை வந்தது. கோவர்த்தனன் எச்சிலோடு சேர்த்து விழுங்கினான்.

"பிரேக்கு சரியில்ல. கொழந்தைய பஸ்ல இட்டுக்கினு போ. வண்டி இங்கியே இருக்கட்டும்."

அவன் போனதும் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினான். உள்ளே ரப்பர் கிழிந்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ஆயில் ஒழுகாது, யார் கண்ணிலும் படாது. அடிபட்ட வண்டிக்குப் பெயிண்ட் அடித்து விற்றவனும் அதைத் தொடவில்லை. ஒரு மணி நேர வேலை. அன்றைக்கே செய்திருந்தால் டீச்சர் இன்று உயிரோடு இருப்பாள். புதுசு மாட்டினான், பெடல் கல்லாக நின்றது. சென்சாரையும் ஃபியூஸையும் திரும்ப மாட்டி, பெல்ட்டைக் கழற்றினான். மணி அடிக்கவில்லை.

திமிர் திரும்பிவரப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "வயர்ல எர்த் கோளாறு. பேயாவது, மயிராவது!" என்று காறித் துப்பினான். போன் அடித்தது. டாக்சிக்காரன் பாபு.

"மேஸ்திரி, வண்டி திரும்பும்போது ஒரு சத்தம்..."

"சத்தம் உன் காதுல கீதுடா. வைடா போனை!"

ஷெட்டைப் பூட்டிவிட்டுத் தன் காரில் ஏறினான். முப்பது வருஷத்துக் கிழட்டு வண்டி. அதில் சென்சாரும் இல்லை, மணியும் இல்லை. பக்கத்து சீட்டுக்கு பெல்ட்டே கிடையாது. சாவியைத் திருகினான்.

டிங். டிங். டிங்.

கையைப் பக்கத்து சீட்டில் வைத்துப் பார்த்தான்.

சூடாக இருந்தது.