பிகானேர் தபால் முத்திரை

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பது. சிதம்பரத்தில் தன் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து, கலியமூர்த்தி பட்டாளத்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். மேலே கிடந்த பழைய ஸ்வெட்டரை எடுத்தார். அதற்கடியில் இருக்க வேண்டிய பழுப்பு உறை இல்லை. பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டினார். பாலிஷ் டப்பா உருண்டோடியதே தவிர உறை வரவில்லை.

உறையில் இருந்தவை இரண்டு. 1994இல் சோமாலியாவில் ஐ.நா. அமைதிப்படையில் அவர் லாரி ஓட்டியதற்கான சான்றிதழ் ஒன்று. நீல நாடாவில் கோத்த மெடல் ஒன்று. இரண்டையும் புதன்கிழமை பதினொரு மணிக்குக் கடலூரில், முன்னாள் படைவீரர் அலுவலகத்தில், அசலாகக் காட்ட வேண்டும்.

காரணம் இதுதான். பட்டாளத்திலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம், அந்த எட்டு மாதமும் அவர் ராஜஸ்தானில் பிகானேர் டிப்போவில் இருந்ததாகச் சொல்கிறது. வேறொருவனுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் விமானம் ஏறியவர் அவர். பெயரை மாற்றி எழுத யாரோ மறந்துவிட்டார்கள். திருத்தச் சொல்லி மூன்று மனு போட்டு மூன்றும் திரும்பின. நான்காவதற்கு வந்த பதில், அசலைக் காட்டாவிட்டால் கோப்பு நிரந்தரமாக மூடப்படும் என்றது. ஊரில் அவரைச் 'சோமாலியா' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பட்டப்பெயரில் மரியாதை எதுவும் கிடையாது.

பன்னிரண்டே காலுக்கு ஜான்சி வந்து சேர்ந்தார். கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டி மேசை போட்டு மனு எழுதிக்கொடுப்பவர். அந்த நான்காவது மனு அவர் கைவண்ணம். அதற்கு முன் இருபத்தெட்டு வருடம் தபால் துறையில், கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டிங்கில் இருந்தவர். அறுபத்தொரு வயது. தான் எழுதிய மனு தோற்பதை அவர் சொந்த அவமானமாக எடுத்துக்கொள்வார். அதனால்தான் கலியமூர்த்தியின் மகள் அருள்மொழி போனில் அழுததும், மேசையை மூடிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

"பூட்டு?"

"நல்லா இருக்குது. நாந்தான் தெறந்தேன்," என்றார் கலியமூர்த்தி.

"சாவி எத்தனை?"

"ஒண்ணுதாம்மா." சட்டையைத் தூக்கிக் காட்டினார். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் சாவி.

"குளிக்கும்போது?"

"இடுப்புலதான். தூங்கும்போதும் அங்கதான். இது என் ஒடம்ப விட்டு எறங்குனதே இல்ல."

"உறைய கடைசியா எப்ப பாத்தீங்க?"

"ஏழாம் தேதி. உங்ககிட்ட ஜெராக்ஸ் குடுத்துட்டு வந்து, நானே உள்ள வெச்சு பூட்டுனேன்."

ஜான்சி பெட்டியின் பின்பக்கக் கீல்களை விரலால் தடவிப் பார்த்தார். துரு உதிராமல் அப்படியே இருந்தது. யாரும் கழற்றவில்லை. பதினான்கு நாள், ஒரு பூட்டு, ஒரு சாவி. அதுவும் இடுப்பை விட்டு இறங்காத சாவி. ஜான்சிக்கு உள்ளூரக் கொஞ்சம் குஷியாகவே இருந்தது. மகள் நின்றுகொண்டிருந்ததால் முகத்தில் காட்டவில்லை.

"சனிக்கிழமை அருள்முருகன் மாமா வந்தாரு மேடம்," என்றாள் அருள்மொழி. "அப்பா டீ வாங்க போனப்ப, பத்து நிமிஷம் இந்த ரூம்ல தனியா ஒக்காந்திருந்தாரு. அப்பாகூட அதே டிப்போவுல கிளர்க்கா இருந்தவரு. வெளிநாட்டுக்கு அவரும் எழுதிக் குடுத்து, கெடைக்கல. வந்ததுலேர்ந்து போற வரைக்கும் வேர்த்து வேர்த்து ஊத்துச்சு அவருக்கு."

"அவன சொல்லாத," என்றார் கலியமூர்த்தி.

அலமாரி மேல் அகலமான ஸ்கேன் உறை ஒன்று கிடந்தது. பதினைந்தாம் தேதி போட்டிருந்தது.

"யாருக்கு?"

"எனக்குத்தான். சோமாலியாவுல ஜீப்பு கவுந்தப்ப முட்டியில பட்ட அடி, இப்ப மடக்க முடியல. எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னுட்டாங்க. கொழாய்க்குள்ள போட்டு அரைமணி நேரம் தடதடன்னு ஒரு சத்தம். எனக்கு ஒண்ணுமே ஓடல."

"அன்னைக்குன்னு பாத்து ஆஸ்பத்திரி கார்டை வீட்டுலயே வெச்சுட்டு போயிட்டாங்க," என்றாள் அருள்மொழி. "நான் ஸ்கூல்ல இருந்தேன். பாவம், அம்மாதான் ஆட்டோ புடிச்சு வந்து எடுத்துட்டு போனாங்க."

பாவப்பட்ட அம்மாவான பட்டம்மாள் அப்போதுதான் காப்பி கொண்டுவந்து வைத்தார். சோமாலியாப் பேச்சு எழுந்தால் அவர் எழுந்துவிடுவார் என்று அருள்மொழி முன்பே சொல்லியிருந்தாள். அப்படியே சமையலறைக்குத் திரும்பினார்.

"அந்த வருஷத்து பேப்பர் வேற ஏதாவது இருக்குதா?" என்று ஜான்சி கேட்டார்.

கலியமூர்த்தி தலையாட்டுவதற்குள் பட்டம்மாள் திரும்பி வந்தார். கையில் நூல் சுற்றிய மூன்று நீல இன்லேண்ட் கடிதங்கள். "இதையும் பாருங்கக்கா. அவுரு எங்க இருந்தாருன்னு இதுல இருக்குது."

"அது எதுக்கு இப்ப?" என்றார் கலியமூர்த்தி. அவர் முகம் சுண்டிவிட்டது.

ஜான்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முத்திரை பார்ப்பது அவருக்குத் தாயம் ஆடுவது போல. மார்ச் 14, பிகானேர். ஏப்ரல் 12, பிகானேர். மே 17, பிகானேர். மூன்றும் அசல் முத்திரை, ஒட்டுவேலை இல்லை. உள்ளே கறுப்பு மையில் கலியமூர்த்தியின் கையெழுத்து. தலைப்பில் தேதி மட்டும் நீல மை. மே மாதக் கடிதத்தை மெல்ல வாசித்தார். 'நான் சுகம். இங்கே குளிர் தாங்க முடியவில்லை. இரண்டு கம்பளி போர்த்தியும் விரல் விறைத்து எழுத்து கோணுகிறது. நீ நன்றாகச் சாப்பிடு. மாட்டைப் பார்த்துக்கொள்.'

இந்தக் கடிதங்கள் கடலூர் அலுவலகத்துக்குப் போனால், சான்றிதழ் வந்தாலும் மனு தேறாது. அது ஜான்சிக்குப் புரிந்தது. அதைவிட, பட்டம்மாள் அவற்றை முப்பத்தோரு வருடம் நூல் சுற்றி வைத்திருந்தது ஏன் என்பதுதான் உறுத்தியது. சமையலறைக்குப் போய்க் கேட்டார்.

"ஏப்ரல் இருவத்தெட்டு புள்ள பொறந்தான். ஆம்பள புள்ள," என்றார் பட்டம்மாள். "பத்தொம்பது நாளு இருந்தான். பொறந்ததுக்கு ஒரு தந்தி, போனதுக்கு ஒரு தந்தி. அவுரு வரல. கருமாதி முடியறதுக்குள்ள இந்த லெட்டரு வருது. மாட்ட பாத்துக்கன்னு. அப்பறம் அதுவும் இல்ல. நாலு மாசம் கழிச்சு வந்து நிக்குறாரு. கேட்டா ஆப்பிரிக்காவுல இருந்தேன், லெட்டரெல்லாம் முன்னயே எழுதி வெச்சதுன்னு ஒரு கத சொல்றாரு. கவுருமெண்டே சொல்லுது, பிகானேருன்னு."

அதன்பிறகு குடும்பம் நடந்தது, அருள்மொழி பிறந்தாள், வீடு கட்டினார்கள். இந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஜான்சி கடிதங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்து, நெல்லிக்குப்பம். சாலையில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன. அருள்முருகன் தன் ஜெராக்ஸ் கடையை அப்போதுதான் திறந்திருந்தார்.

"சனிக்கிழமை எதுக்கு சிதம்பரம் போனீங்க?"

"சும்மாதான். மச்சானுக்கு முட்டி வலின்னாங்க."

"தனியா இருந்தப்ப என்ன பண்ணீங்க?"

"ஃபேன பாத்துக்கிட்டு இருந்தேன்."

"பெட்டிய தொட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா."

ஜான்சி ஒரு காகிதத்தை நீட்டி ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். "ரசீது குடுங்க. தேதி போட்டு."

அருள்முருகன் எழுதினார்: 22-7-2025. ஏழின் இடுப்பில் குறுக்காக ஒரு கோடு. ஜான்சி செல்போனில் மே மாதக் கடிதத்தின் தலைப்பைப் பெரிதாக்கி, ரசீதுக்குப் பக்கத்தில் வைத்தார். 17-5-94. அந்த ஏழிலும் அதே கோடு.

அருள்முருகன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேசை இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்தார். "இத குடுக்கத்தான் போனேன். தைரியம் வரல," என்றார்.

பையில் இருந்ததைப் பார்த்ததும் ஜான்சி எழுந்தார். "கடைய மூடுங்க. சிதம்பரம் போவணும்."

பகல் ஒன்றரை. உள்ளறையில் ஐவரும் உட்கார்ந்திருந்தார்கள். அருள்மொழி அருள்முருகனை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு எடுக்கல," என்றார் ஜான்சி. "பூட்ட யாரும் ஒடைக்கல, கீல கழட்டல. சாவி போட்டுத்தான் தெறந்திருக்காங்க. அண்ணே, அந்த கொழாய்க்குள்ள போறதுக்கு முன்னாடி உங்கள என்ன பண்ண சொன்னாங்க?"

"சட்டைய கழட்டி, அவுங்க கவுன போட்டுக்க..." கலியமூர்த்தி நிறுத்தினார். கை தானாக இடுப்புக்குப் போனது.

"எம்.ஆர்.ஐ. மிஷினு கிட்ட குண்டூசி கூட கொண்டுபோவ விடமாட்டாங்க. அரைஞாண் கயித்தோட சாவிய கழட்டி குடுத்தீங்க. பயத்துல அது உங்களுக்கு ஞாபகம் இல்ல. உங்க பொண்ணு ஸ்கூல்ல இருந்தா. வாங்கி பையில போட்டுக்கிட்டவங்க, கார்டு எடுக்கணும்னு ஆட்டோவுல வீட்டுக்கு வந்தாங்க. நீங்க கொழாய்க்குள்ள, சாவி வீட்டுல." ஜான்சி திரும்பினார். "பட்டம்மா, உறைய எடுத்துட்டு வாம்மா."

பட்டம்மாள் மறுக்கவில்லை. எழுந்து போய், கிரைண்டர் மேல் மூடியிருந்த துணிக்கடியிலிருந்து பழுப்பு உறையை எடுத்து வந்து வைத்தார். மெடல் உள்ளே கிணுகிணுத்தது.

"ஏம்மா?" என்றாள் அருள்மொழி.

"திட்டம் போட்டெல்லாம் செய்யல. சாவி கையில இருந்துச்சு, தெறந்துட்டேன்." பட்டம்மாள் சுவரைப் பார்த்துப் பேசினார். "அந்த பேப்பரு பொய்னா, பொய்க்கு எதுக்கு மெடலு? நெசம்னா, முப்பது வருஷமா நான் அந்த மனுஷன ஒதுக்கி வெச்சிருந்த வெப்பு என்னாவறது? சீலு குத்திட்டா, தப்பு எம்மேலன்னு ஆயிடும். எரிக்கலாம்னு கூட பாத்தேன். மனசு வரல."

திருட்டைக் கண்டுபிடித்த சந்தோஷம் ஜான்சிக்கு மருந்துக்கும் இல்லை. ஆனால் பாதிக் கணக்கோடு எழுந்து போகிறவர் அல்ல அவர். மே மாதக் கடிதத்தை எடுத்துப் பட்டம்மாள் மடியில் வைத்தார்.

"ரெண்டு கம்பளி போத்தியும் குளிருதுன்னு எழுதியிருக்காரு. பிகானேர்ல மே மாசம் எப்படி இருக்கும் தெரியுமா?"

"வடக்கன்னா குளிருந்தான?"

"ராஜஸ்தான்மா அது. மே மாசத்துல நம்ம கடலூரு வெயிலு அங்க நெழலு. ஜனவரியிலதான் அந்த ஊருல வெரலு வெறைக்கும். இந்த லெட்டரு ஜனவரியில எழுதுனது. மூணும் ஒரே ராத்திரியில எழுதுனது. அதான் புள்ளைய பத்தி ஒரு வார்த்த இல்ல. பொறக்கவே இல்லையே அப்ப."

பட்டம்மாள் கடிதத்தைப் பார்த்தார். மனப்பாடமாகத் தெரிந்த வரிகள்தான்.

"மூணு இல்ல தங்கச்சி, அஞ்சு," என்றார் அருள்முருகன். பாலித்தீன் பையைப் பிரித்தார். இரண்டு நீல இன்லேண்டுகள். அதே கறுப்பு மை, அதே கையெழுத்து. தேதி இல்லை, முத்திரை இல்லை. "புள்ளத்தாச்சிகிட்ட சண்ட நடக்குற ஊருக்கு போறேன்னு சொல்ல மனசில்லாம எழுதி குடுத்தான். மாசம் ஒண்ணு, தேதி போட்டு தபால் பெட்டியில போடுன்னான். மூணாவத போட்ட மறுநாளு ரெண்டாவது தந்தி வந்துச்சு. அதுக்கப்பறம் என்னால மிச்சத்த போட முடியல."

"தந்திய என்ன பண்ணீங்க?" என்றார் ஜான்சி.

"பொறந்த தந்திய அவனுக்கு அனுப்பிட்டேன். போன தந்திய அனுப்பல. அவ்ளோ தூரத்துல இருக்குறவன் கேட்டு என்ன பண்ணுவான்னு வெச்சுக்கிட்டேன். தப்புதான். நாலு மாசம் இவன் அங்க அப்பனா இருந்துட்டு வந்தான் தங்கச்சி. மூட்டையில வெள்ளக்காரன் பொம்ம ஒண்ணு வேற."

கலியமூர்த்தி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பட்டம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அருள்மொழி எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை பத்து ஐம்பத்தைந்து, கடலூர். கிளர்க் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மெடலின் பின்பக்கத்தைப் படித்தார், தேதியில்லாத இரண்டு கடிதங்களையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார். அருள்முருகன் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்துக்கு நம்பர் போட்டார்.

"இதுக்கு மேல ரெக்கார்டு ஆபீஸுல இல்லன்னு சொல்ல முடியாது. திருத்தி வந்துரும்," என்றார். "இன்னொரு சாட்சி வேணும். யாரு?"

"நான்," என்றார் பட்டம்மாள்.

"நீங்க அவரு சம்சாரம்தான? இவரு தொண்ணூத்து நாலு மே மாசம் எங்க இருந்தாருன்னு உங்களுக்கு தெரியுமா?"

"சோமாலியாவுல," என்றார் பட்டம்மாள். சொல்லிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

ரசீது வர அரைமணி ஆகும் என்றார்கள். வராந்தா பெஞ்சில் கலியமூர்த்தியும் பட்டம்மாளும் உட்கார்ந்தார்கள். ஜான்சி கொஞ்சம் தள்ளி நின்று, மைதானத்தைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் காதில் விழத்தான் செய்தது.

"அவன் எப்படி இருந்தான்னு ஒரு தடவகூட நீங்க கேக்கல."

"கேக்க எனக்கு என்ன யோக்கியத இருக்குதுன்னு விட்டுட்டேன்," என்றார் கலியமூர்த்தி.

பட்டம்மாள் சற்று நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"செவப்பா இருந்தான். காது ரெண்டும் உங்க காது," என்று சொல்ல ஆரம்பித்தார்.