மாமாவுக்கு முழு அனுமதி

மதியத் தூறலில் நனைந்தபடி தம்பி மாடியேறி வந்தான். ஒரு கையில் ஹெல்மெட், அக்குளில் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கம்ப்யூட்டர். ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது அவன் பிழைப்பு. இன்று அக்கா வீட்டு வேலை. கூலி கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

"ஷூவை வெளியில விடு. இப்பத்தான் துடைச்சேன்."

கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அதற்கு மேல் அக்காவுக்கு வராது. மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவள். கல்யாணமான பிறகு ஒருநாள் கணவர் கழுத்தை நெரித்ததில் தொண்டைக்குள் என்னவோ நொறுங்கிப்போனது. டாக்டரிடம் 'படியில் விழுந்துட்டா' என்று சொன்னவரும் அவரேதான்.

அந்த மாமா இப்போது இல்லை. மாரடைப்பு. காதில் ஹெட்போனோடு, பாட்டு ரூமில், தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார்.

அவருக்குப் பாட்டு என்றால் வெறி. சேர்த்த அத்தனையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில். அதை வேறு யாராவது தொட்டால் ஸ்பீக்கர் ஒயரை மடித்து விளாசுவார். அக்கா பாடிய பழைய பதிவுகளையும் அதில் ஏற்றிக்கொண்டு, கேசட்டுகளைக் கொளுத்திவிட்டார். அவள் குரல் அவருக்கு மட்டும்.

"என் குரலை நான் கேக்கணும்டா," என்றாள். "சமைக்கிறப்ப, துணி மடிக்கிறப்ப, எந்த ரூம்ல இருந்தாலும்."

"கேட்டுட்டே இரு. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கும்பிட்டு நிறுத்தச் சொல்லணும்."

வேலை சுலபம். ஹார்ட் டிஸ்க்கைச் சின்னக் கம்ப்யூட்டரில் மாட்டினால் அது மியூசிக் சர்வர். டிஸ்க்கை ஸ்கேன் செய்து, இருக்கிற பாட்டையெல்லாம் வரிசைப்படுத்தி, ரூமுக்கு ரூம் இருக்கும் ஸ்பீக்கருக்கும் அக்காவின் போனுக்கும் அனுப்பும்.

பாட்டு ரூம் கதவைத் திறந்தான். சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சு அட்டை. வெளியே பெய்யும் தூறல் சத்தம் வாசலோடு நின்றுபோனது. பூட்டிக்கிடந்த அறையில் புழுக்க வாடை இருக்கலாம். சவர லோஷன் வாடை ஏன் அடிக்கிறது?

ஸ்கேனை ஆரம்பித்தான். 'அனுமதி இல்லை' என்றது திரை. அடுத்ததும் 'அனுமதி இல்லை'. எல்லா ஃபைலும் மாமாவின் கணக்குக்குச் சொந்தம். முறைப்படி உரிமையை மாற்றி, சர்வருக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுக்கவேண்டும். ராத்திரி ஆகிவிடும். குறுக்கு வழி ஒன்று உண்டு: சர்வரையே மாமாவின் கணக்கில் ஓட்டிவிடுவது.

"அவர் பாஸ்வேர்டு என்னக்கா?"

"என் பேரு."

"அடேங்கப்பா, அவ்வளவு பாசமா?"

"நாய்க்குப் பட்டை மாட்ட மாட்டாங்களா? அப்படி."

படிக்க, எழுத, அழிக்க, எல்லாவற்றுக்கும் டிக் அடித்தான். "மாமாவுக்கு முழு அனுமதி குடுத்தாச்சு!" என்று சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை.

ஸ்கேன் பறந்தது. பாட்டுப் பெயர்கள் மளமளவென்று ஓடின. திடீரென்று நடுவில் ஒரு ஃபைல், பெயர் இல்லாமல். உருவான நேரம்: இப்போது.

"யாரு எழுதறா? நான் ஒண்ணும் காப்பி பண்ணலியே..."

ஹாலில் இருந்த ஸ்பீக்கர் தானாக உயிர் பெற்றது. ஒருவர் தொண்டையைச் செருமினார். பிறகு, 'பளார்'.

தம்பியின் தலை பக்கவாட்டில் திரும்பிப் போய் மேஜை விளிம்பில் மோதியது. கன்னத்தில் நான்கு விரல் தடம் சிவந்து எழும்பியது.

எதிரே யாரும் இல்லை.

"ஓடிருடா!" அக்காவின் மூச்சுதான் கத்தியது. "அது அவர் கைதான். எனக்குத் தெரியும்."

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. திரையில் இரண்டாவது ஃபைல். அறையின் ஸ்பீக்கரில் ஒயர் காற்றைக் கிழிக்கும் சத்தம்.

சத்தம் முதலில் வந்தது. வலி அதற்குப் பிறகு.

சட்டை முதுகில் கோடு கோடாகக் கிழிந்தது. ஒவ்வொரு கோட்டிலும் ரத்தம் பூத்தது. தவழ்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். டிஸ்க்கின் பச்சை விளக்கு அணையவில்லை. ஸ்கேன் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் எலும்பு முறியும் சத்தம் கேட்டது. பிளக்கைப் பிடுங்கிய விரல்கள் பின்பக்கமாக வளைந்து, வளைந்து, ஒடிந்தன.

அவன் அலறினான்.

அலறல் பாதியில் அறுந்தது. கழுத்துச் சதையில் இரண்டு கட்டைவிரல் பள்ளங்கள் விழுந்தன. கால்கள் தரையை விட்டு மேலே எழும்பின.

அக்கா அவன் டூல் பையைக் கவிழ்த்து சுத்தியலை எடுத்தாள். டிஸ்க்குக்கு மேல் ஓங்கினாள்.

அப்போது பாட்டு வந்தது.

எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சமயத்தில். கணீரென்ற, இளசான, பயம் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு குரல். அவளுடைய குரல். ஸ்கேன் அவள் ஃபோல்டருக்கு வந்துவிட்டிருந்தது.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

இதைக் கேட்கத்தானே இத்தனை வருஷம்? இந்த ஒரு வரி. இன்னும் ஒரே ஒரு வரி.

தம்பியின் கண்கள் பிதுங்கின. முட்டை ஓடு உடைவது மாதிரி அவன் தொண்டைக்குள் 'நொறுக்' என்றது. அந்தச் சத்தம் அவளுக்கு அத்துப்படி.

சுத்தியலை இறக்கினாள். மறுபடியும். மறுபடியும். டிஸ்க் தகடு சில்லு சில்லாகச் சிதறி அவள் முழங்கையைக் கிழித்தது. பாட்டு ஒரு சொல்லின் நடுவில் செத்தது. தம்பி பொத்தென்று விழுந்தான்.

* * *

"உயிருக்கு ஆபத்தில்லைம்மா," என்றார் டாக்டர். "ஆனா குரல்வளை நசுங்கிப்போச்சு. பேச்சு வராது. யாரு இப்படிப் பண்ணினது?"

சொன்னால் யார் நம்புவார்கள்?

வார்டில் தம்பி மயக்கத்தில் கிடந்தான், கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகியிருந்தது. முடியைக் கோதிவிட்டு, "என்னை மன்னிச்சிருடா," என்றாள். ஒரு வரி. பாட்டின் அந்த ஒரு வரியைக் கேட்க நின்ற நேரத்தில்தான் அவன் தொண்டை நொறுங்கியது.

அவள் மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

'ஸ்கேன் முடிந்தது. புதிதாக ஒரு பதிவு சேர்க்கப்பட்டது.'

டிஸ்க் வீட்டில் தூள் தூளாகக் கிடக்கிறது. அவள் அதைத் தொட்டாள்.

"அக்கா..."

தம்பியின் குரல். அவள் சட்டென்று கட்டிலைப் பார்த்தாள். அவன் உதடு அசையவில்லை.

"அக்கா, ஒரே இருட்டா இருக்கு. நீயும் இங்கதான் இருக்கே. பாட்டை நிறுத்தவே உன்னை விட மாட்டேங்கிறாரு மாமா..."

தொண்டையைச் செருமும் சத்தம். ஒரு 'பளார்'.

அப்புறம் அந்தக் கணீர்க் குரல், விம்மிக்கொண்டே, அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தது.