பாணேர் குளத்துப் பக்கெட்டுகள்

2003 ஜூலை, ஞாயிறு காலை. நகர விளிம்பிலுள்ள பாணேருக்கு அப்பால், மழைக்காலத்தில் மட்டும் தேங்கும் அந்தக் குளத்தருகே இருந்தவர்கள் நால்வர். கோர்படியில் பள்ளி ஆசிரியையான அகல்யா. போன வருடமும் அவளோடு தவளைக் கணக்கெடுத்த கேஷவ், ஐ.டி. ஊழியன். இந்த வாரம்தான் சேர்ந்த கல்லூரி மாணவி ஸ்நேஹா. இதே வாரம் காவலுக்கு வந்த முகமது ரஃபீக்.

6.10. விளிம்புவரை மண்ணில் புதைத்த பக்கெட்டுகள் எல்லாம் காலி. நேற்று மாலை தவளையும் அரணையுமாக நெளிந்தவை. தவளைகளை மறித்துப் பக்கெட்டுக்குத் திருப்பும் பிளாஸ்டிக் வேலி கத்தியால் கிழிக்கப்பட்டுக் கிடந்தது. பத்து மணிக்கு வனத்துறை அதிகாரி வருகிறார். கண்ணால் தவளையைப் பார்த்தால் குளம் பிழைக்கும். இல்லையென்றால் நாளைக்கு லாரி மண் கொட்டும், அடுக்குமாடி எழும்பும்.

அகல்யாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

"ரஃபீக் பாய், ராத்திரி யார் வந்தாங்க?"

"தெரியலம்மா. மழை விட்டதும் கண்ணசந்துட்டேன்."

"பில்டர் ஆளுங்கதான்," என்றான் கேஷவ். "இவருக்குக் கொடுத்த சம்பளம் தண்டம்."

ஸ்நேஹா பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆன்ட்டி, எல்லாத்துலயும் ஒரு டண்டா சாய்ச்சு வெச்சிருக்கு. எதுக்கு?"

ரஃபீக்கும் குனிந்தார். "குச்சியை விட்டுக் கலக்கிப் பார்த்திருப்பானுங்க."

அகல்யா ஒரு பக்கெட்டருகே மண்டியிட்டாள். மூங்கில் குச்சியின் நுனி விளிம்பைத் தொட்டு நின்றது. வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு, சாமான் வைக்கும் தகரக் கொட்டகைக்குள் கேஷவைக் கூப்பிட்டாள்.

"பில்டர் ஆளுன்னா தவளையை அள்ளிக் கொட்டுவான், இல்ல மிதிப்பான். ஏணி வெச்சுக் கொடுப்பானா?"

"என்ன சொல்ல வர்றீங்க மேடம்?"

"பக்கெட்டைப் பார்க்க ஆள் வராத நாள்ல, விழுந்தது ஏறிப் போகட்டும்னு குச்சி வைப்போம். இந்த வருஷம் இன்னும் ஒருதடவைகூட வைக்கலை. அந்த ரெண்டு பேருக்கும் அது என்னன்னே தெரியலை. தெரிஞ்சவங்க நீங்களும் நானும்தான்."

கேஷவ் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"வேலியைக் கிழிச்சது நான்தான். இன்னிக்கப்புறம் பக்கெட்டைப் பார்க்க யாரும் வரமாட்டாங்கன்னு குச்சியும் வெச்சேன். உள்ளே விழுந்தா செத்துடுமே."

"குளத்தை மூடினா மட்டும் பிழைக்குமா?"

"அந்த பில்டிங்ல நாலாவது மாடி எனக்கு. புக் பண்ணியாச்சு. வாடகை வீட்லயே என் பிள்ளை பத்தாவது வந்துட்டான்."

அவனைத் திட்ட நேரமில்லை. குச்சியில் ஏறிப்போன தவளை வெகுதூரம் போயிருக்காது. புதருக்கடியில் தேடினால் பத்து மணிக்குள் சிலவாவது அகப்படும்.

"நானும் வந்து தேடறேன் மேடம்."

"வேணாம். உங்க கையில கிடைச்சா எனக்குக் காட்டமாட்டீங்க. ஆபீசர் வந்ததும் திறக்கறேன்."

அவள் வெளியே வந்து தகரக் கதவைச் சாத்தினாள். பூட்டை அழுத்திவிட்டு, பூட்டிக்கொண்டதா என்று ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.