சேறு கலையாத வயல்

துரைக்கண்ணு தன் வயல் வரப்பில் மல்லாந்து கிடந்தார். மூக்குக்கண்ணாடி கழலவில்லை. அணைத்த டார்ச் கையில் இருந்தது. சட்டையில் பூச்சிமருந்து நெடி. மோட்டார் கொட்டகையில் காலி மருந்து பாட்டில்.

கீழ்வேளூர் சப்-இன்ஸ்பெக்டர் பிரகதீஸ்வரி வந்தது வேறு வேலைக்கு. சில நாட்களாக இரவில் அந்த ஊர் வானத்தில் ஒரு வெளிச்சம் அலைகிறது என்று மனு. விசாரித்து அறிக்கை தர உத்தரவு. வந்த இடத்தில் பிணம்.

"மருந்து குடிச்சிட்டாருங்க மேடம்," என்றான் மகன் தமிழரசன். திருவாரூரில் விவசாய மிஷின்களை வாடகைக்கு விடுபவன்.

சாவித்திரி புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"நான்தாம்மா கொன்னுட்டேன். நேத்து ராத்திரி சோறு போடும்போது சண்டை. நீங்க இருந்தா என்ன, போனா என்னன்னு கேட்டுட்டேன். டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

"எங்கன்னு சொன்னாரா?"

"அந்த வெளிச்சம் என்னன்னு பாத்துட்டு வர்றேன்னாரு."

"சும்மா சொல்லியிருப்பாரு," என்றான் தமிழரசன்.

"உடம்புக்கு ஏதாவது?" என்று சாவித்திரியிடம் கேட்டாள் பிரகதீஸ்வரி.

"மூச்சு இழுப்பு. மருந்து நெடியே ஆகாது. இந்தச் சம்பாவுக்கு இன்னும் அடிக்கவே இல்லம்மா."

பிரகதீஸ்வரி ஷூவைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். சேறு கணுக்காலை விழுங்கியது. நடுவயலில் ஒரு நெல்தாளை ஒடித்து முகர்ந்தாள். திரும்பிப் பார்த்தாள். வயல் முழுக்க அவள் கால்தடம் மட்டுமே இருந்தது.

வரப்பேறி, குனிந்து, இறந்தவரின் கண்ணாடியைப் பார்த்தாள். வெளிப்பக்கம் பொட்டுப்பொட்டாக வெள்ளை.

"தமிழரசன், குடிக்கிறவர் கண்ணாடி மேல மருந்து எப்படித் தூறும்?"

"சிந்தியிருக்கும்."

"வயல் முழுக்கவா சிந்தும்? நடுவயல் வரைக்கும் மருந்து அடிச்சிருக்கு. ஆள் இறங்கல. அப்ப மேலேருந்துதான் வந்திருக்கு. ஊர் பார்த்த வெளிச்சமும் மேலதான். இவரும் டார்ச்சை அணைச்சுட்டு அண்ணாந்து அதைத்தான் பார்த்திருக்காரு. மிஷின் வாடகைக்கு விடுறீங்களே, மருந்தடிக்கிற ட்ரோன் எங்க?"

தமிழரசன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

"மிஷின்னா அவருக்கு ஆகாது. பகல்ல வயலை விட்டு நகர மாட்டாரு. ராத்திரில ஓட்டிப் பழகினேன். அவருக்குத் தெரியாம அடிச்சுக் கொடுத்தா, பயிரைப் பாத்துட்டு மனசு மாறுவாருன்னு... நேத்து ராத்திரி கொட்டகையில இருந்த மருந்தைத்தான் ட்ரோன்ல ஊத்தினேன். ரோட்டுல நின்னு ஓட்டினேன். ஆள் இருக்கிறது தெரியலங்க."

"காலைல தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

"அம்மா தன்னாலதான்னு அழுதப்பவும் பேசாம நின்னீங்க."



சாவித்திரி எழுந்து வந்தாள். "அப்ப, அவரு குடிக்கலியாம்மா?"

"குடிக்கல. நீங்க சொன்னதுக்காகச் சாகல. மேலேருந்து விழுந்த மருந்து நெடியில இழுப்பு வந்திருக்கு."

அவள் முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகு மகனைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இல்லம்மா. என் வாய்தான். மருந்து குடிச்சாருன்னே எழுதிக்கங்க."

பிரகதீஸ்வரி ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்தாள். தமிழரசன் ஏறினான்.

"என்னைக் கேளுங்கம்மா," என்றபடி சாவித்திரி வண்டியோடு நடந்தாள். "நான்தானே பொண்டாட்டி, எனக்குத் தெரியாதா?"