முன் சக்கரத்துச் சங்கிலி

ரொசால்பா வந்து கதவைத் தட்டியபோது அவள் ஸ்வெட்டரின் கையில் ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது. அவளுடைய ரத்தம் இல்லை, அவள் புருஷனுடையது.

வெளியே ஜூலை மாதத்து மழை; அந்தத் தென்கோடி நாட்டில் அதுதான் நடுக் குளிர்காலம். உள்ளே ஒதிலியா அம்மாள் பூசணி மாவைத் தட்டி சோப்பைப்பியா பொரித்துக்கொண்டிருந்தார். மழை விழுந்தால் மலையடிவாரத்தில் எல்லா வீட்டிலும் அந்த வாசனைதான். டாக்ஸி ஓட்டும் நிபால்டோ, பொரிந்து விழுவதை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஒதிலியா அம்மா, எலெவுத்தேரியோவோட தாடையை உடைச்சுட்டாங்க" என்றாள் ரொசால்பா, உட்காராமலே. "ஆஸ்பத்திரிக் கட்டிலோட சேர்த்துப் போலீஸ்காரங்க கையில விலங்கு மாட்டியிருக்காங்க. அமாதோர் துரையைக் கொன்னது அவர்தானாம். அடிச்சவங்க எங்க வீட்டையும் கொளுத்துவோம்னுட்டுப் போயிருக்காங்க."

ஒதிலியா அடுப்பை அணைத்தார். விபத்து வழக்குகளில் நீதிமன்றத்துக்காக நொறுங்கிய கார்களையும் பிணங்களையும் ஆராய்ந்து, ஓய்வு பெற்றவர் அவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

"முதல்ல உட்காரு. எலெவுத்தேரியோ அமாதோர் காருக்குச் சங்கிலி மாட்டினாரா?"

"மாட்டினார். அதுதானே அவர் பொழைப்பு?"

பனி கொட்டும் மாதங்களில் அந்த மலைச்சாலையில் சங்கிலி இல்லாமல் ஒரு வண்டியும் ஏறாது. அடிவாரத்தில் வாடகைச் சங்கிலி வைத்திருப்பவர்கள் சேற்றில் மண்டியிட்டு, டயரைச் சுற்றி மாட்டி அனுப்புவார்கள். எலெவுத்தேரியோ அவர்களில் ஒருவர். மலைமேல் பனிச்சறுக்கு விடுதி நடத்தும் அமாதோர் ஒலவாரியா முந்தின நாள் காலையில் தம்முடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஏறிப் போனார். மாலையில் இறங்கும்போது இருபத்தொன்றாம் வளைவில் பள்ளத்தில் விழுந்து செத்தார். காரை மேலே தூக்கிப் பார்த்தால், சங்கிலி முன் சக்கரங்களில் இருந்தது.

அந்தக் காரைப் பின் சக்கரங்கள்தான் தள்ளும். அதற்குச் சங்கிலி பின்னால் இருக்க வேண்டும். முன்பக்கம் பனியைக் கவ்விக்கொள்ள, பின்பக்கம் வழுக்கினால், சரிவில் பிரேக்கை மிதித்ததும் வால் சுழன்று வண்டி பள்ளத்தைப் பார்த்துவிடும்.

"பின்னாடிதான் மாட்டினேன்னு கத்தியிருக்கார்" என்றாள் ரொசால்பா. "அமாதோரோட மச்சான் காஸ்பர் விடுதி ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து, கொட்டகையிலிருந்து இழுத்துப் போட்டான். கம்பியால முதல் அடியே வாய்லதான். அப்புறம் அவருக்கு ஏது பேச்சு?"

நிபால்டோ வாயைத் துடைத்துக்கொண்டான். "கோவிச்சுக்காத ரொசால்பா. பத்து கார் வந்தா ஒன்பது முன்னாடி இழுக்கிற கார். என் டாக்ஸியும் அப்படித்தான். பழக்க தோஷத்துல கை முன்னாடி போயிருக்கும்."

"நீ தின்னு. தின்னுட்டே பேசு. உன் டாக்ஸி குப்புற விழாம இத்தனை வருஷம் ஏறி இறங்கினது யார் கையால?"

அவன் டாக்ஸிச் சாவியை எடுத்தான். ஒதிலியா மழைக்கோட்டை எடுத்தார்.

போலீஸ் முற்றத்தில் கார் கிடந்தது. கூரை நசுங்கியிருந்தது. இருக்கையின் தலைப்பக்கம் முழுக்க ரத்தம் கறுத்துப்போயிருந்தது. சக்கரங்கள் மட்டும் ஏனோ தப்பியிருந்தன. சார்ஜென்ட் பர்ரியெந்தோஸ் குடையைப் பிடித்துக்கொண்டு அலுப்போடு நின்றார்.

"நீலப் பெயின்ட் அடிச்ச கொக்கி. எலெவுத்தேரியோ சங்கிலிதான், அம்மா. இதுல என்ன துப்பறியறது?"

"மண்டை எங்கே உடைஞ்சிருந்தது?"

"பின்னால. உருண்டு விழுந்தவனுக்கு எங்கே வேணா உடையும்."

ஒதிலியா முன் சக்கரத்தின் அருகே குந்தினார். பின் டயரைவிட முன் டயர் ஒடுக்கம். அந்த மாதிரிக் கார்களில் அப்படித்தான். சங்கிலிக்கும் டயருக்கும் நடுவில் அவருடைய முஷ்டி தாராளமாக நுழைந்தது. பிறகு சக்கரத்துக்கு மேலே, மட்காடின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினார். அங்கேயிருந்த பிளாஸ்டிக் வழவழவென்று இருந்தது. பின் டயர்களில் மட்டும் ரப்பர் குறுக்காகச் சிராய்த்திருந்தது.

"சார்ஜென்ட், விடுதிக்குப் போகணும். நீங்களும் வாங்க."

"எதுக்கு?"

"தப்பான ஆளுக்கு விலங்கு மாட்டியிருக்கீங்க. கழட்டும்போது கூட இருந்தா உங்களுக்கு மரியாதை."

அடிவாரத்தில் எலெவுத்தேரியோவின் கொட்டகை உடைந்து கிடந்தது. மழையில் கரைந்த ரத்தம் சேற்றில் செம்மண்போல் ஓடியது. பக்கத்துக் கடையில் நிபால்டோ அவசரத்தில் கைக்கு வந்த சங்கிலியை எடுத்துக்கொண்டான். பத்தாம் வளைவில் மழை பனியானதும், இறங்கித் தானே மாட்டினான். பன்னிரண்டாம் வளைவுக்குள் காரின் முன்பக்கம் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் டமடமவென்று ஒரே சத்தம்.

இறங்கிப் பார்த்தான். சங்கிலி ஓர் அளவு பெரியது. தொங்கிய பகுதி சுழன்று சுழன்று அடித்து, மட்காட் உள்பக்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தது.

"என் பொண்டாட்டி என்னைக் கொன்னே போட்டுருவா!"

"கொல்லட்டும். நல்ல வேலை பண்ணின" என்றார் ஒதிலியா. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

சார்ஜென்ட் பனியில் மண்டியிட்டுச் சங்கிலியை இறுக்கிக் கட்ட வேண்டியதாயிற்று.

விடுதிக் கூடத்தில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அமாதோரின் மனைவி லியொனோர் கறுப்புடையில், இடது கையைத் தூளியில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். பனியில் சறுக்கி விழுந்துவிட்டாளாம். கழுத்தைச் சுற்றிச் சால்வை. அது விலகிய இடத்தில் நான்கு நீலத் தடங்கள், விரல்கள் பதிந்த அளவில். அவள் அண்ணன் காஸ்பர் கணப்புக் கம்பியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். அவன் விரல் முட்டிகள் தோலுரிந்திருந்தன.

"அந்தச் சங்கிலிக்கார நாய்க்கு வக்காலத்தா?" என்றான்.

"நடந்ததைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்க பார்த்தீங்களாமே?"

"கண்ணால பார்த்தேன். காலைல அமாதோர் வந்து இறங்கினப்பவே சங்கிலி முன்னாடிதான் இருந்தது. மாத்திக்கோன்னேன், சிரிச்சான். சாயங்காலம் அவன் பின்னாலயே என் ஜீப்புல இறங்கினேன். இருபத்தொண்ணுல பிரேக் போட்டான், வால் சுத்துச்சு, போயிட்டான்."

"இங்கிருந்து இருபத்தொண்ணு வரைக்கும் சங்கிலி முன்னாடியேதான் இருந்ததா?"

"எத்தனை தடவை சொல்லணும்? பாட்டி, உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"சமையலுக்கு நடுவுல கொஞ்சம்" என்றார் ஒதிலியா. மழைக்கோட்டை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டு உட்கார்ந்தார். "சார்ஜென்ட், நாம ஏறி வந்த பனியில, தள்ளுற சக்கரத்துல சங்கிலி இல்லாத கார் ஏறுமா?"

சார்ஜென்ட் யோசித்தார். "ஏறாது. நின்ன இடத்துலயே சுத்தும்."

"அமாதோர் கார் ஏறிச்சே. பின் டயர்ல சங்கிலி தேய்ச்ச சிராய்ப்பும் இருக்கு. எலெவுத்தேரியோ சரியாத்தான் மாட்டினார். நாம எல்லாரும் முன்னாடி இழுக்கிற வண்டி ஓட்டறவங்க. சங்கிலி முன்னாடி இருந்ததும், மாட்டினவன் மேல தப்புன்னு உடனே நம்பிட்டோம். மலை ஏறின காரைப் பத்தி யாரும் யோசிக்கல."

காஸ்பர் தோளைக் குலுக்கினான். "அப்ப அமாதோரே இறங்கறதுக்கு முன்னாடி மாத்தி மாட்டியிருப்பான்."

"காலைலேயே முன்னாடி இருந்ததுன்னு இப்பத்தான் சொன்னீங்க." ஒதிலியாவின் குரல் மாறவில்லை. "சரி, அவரே மாத்தினார்னு வெச்சுக்குவோம். அது பின் டயருக்கு எடுத்த சங்கிலி. ஒடுக்கமான முன் டயர்ல தொளதொளன்னு தொங்குது. நிபால்டோ, உன் வண்டிக்கு என்ன ஆச்சு?"

"மட்காட் உள்ள கந்தல்! ரெண்டே வளைவுல!" என்றான் நிபால்டோ, துக்கத்தோடும் பெருமையோடும்.

"அமாதோர் காரோட மட்காட் உள்ள ஒரு கீறல்கூட இல்ல. அந்தச் சங்கிலியை முன்னாடி மாட்டிக்கிட்டு அது ஒரு வளைவுகூட ஓடல. இருபத்தொண்ணுல நின்னது. அங்கேதான் அவரைப் பின்மண்டையில அடிச்சுப் போட்டு, விபத்து மாதிரி தெரியறதுக்காகச் சங்கிலியை மாத்தி மாட்டினாங்க. அங்கிருந்து விளிம்பு வரைக்கும் உருண்டது, அவ்வளவுதான். அந்தக் கார் வழியெல்லாம் அப்படி ஓடி வந்ததைப் பின்னாலயே பார்த்தேன்னு சொல்றது ஒரே ஒருத்தர். சங்கிலி எந்தச் சக்கரத்துல மாட்டினதுன்னு சொல்லக்கூடிய வாயை முதல் அடியிலேயே உடைச்சதும் அவர்தான்."

கம்பி சிவக்கக் காய்ந்திருந்தது. காஸ்பர் அதை ஓங்கிய வேகத்தில் தீப்பொறிகள் தெறித்தன. ஒதிலியா நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சாய்ந்தார். கம்பி அந்த நாற்காலியின் முதுகைப் பிளந்தது. இரண்டாவது வீச்சு நிபால்டோவின் தோளில் விழுந்தது. சட்டை பொசுங்கி, சதை பொசுங்கிய நாற்றம். அலறிக்கொண்டே அவன் தலையைக் குனிந்து காஸ்பரின் வயிற்றில் முட்டினான். இருவரும் மேசைமேல் விழ, கண்ணாடிக் கோப்பைகள் நொறுங்கின. காஸ்பர் அவன் கழுத்தை நெரிக்க, நிபால்டோ அந்தக் கையைக் கடித்து ரத்தத்தைத் துப்பினான். சார்ஜென்ட் முழங்காலைக் காஸ்பரின் முதுகில் வைத்து அழுத்தி விலங்கு மாட்டும்வரை யாருக்கும் மூச்சு திரும்பவில்லை.

"அவன் அவ கையை முறிச்சான்!" என்று தரையிலிருந்தே காஸ்பர் கத்தினான். "கழுத்தை நெரிச்சான்! வளைவுல நிறுத்திக் கேட்டேன். அவ என் சொத்து, அப்படித்தான் பண்ணுவேன்னு முதுகைத் திருப்பிட்டுப் போனான். அடிச்சேன். இன்னொரு தடவையும் அடிப்பேன். லியொனோர், உனக்காகத்தான்டீ!"

லியொனோர் எழுந்தாள். நல்ல கையால் சால்வையைக் கழற்றிப் போட்டாள். தடங்கள் எல்லோருக்கும் தெரிந்தன.

"அமாதோரை அடிச்சது எனக்காகன்னு வெச்சுக்க, அண்ணா. அந்தச் சங்கிலிக்காரர் என்னை என்ன பண்ணினார்?"

சார்ஜென்ட் காஸ்பரைத் தூக்கி நிறுத்தி வெளியே நடத்திப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், ரொசால்பாவும் ஒதிலியாவும் கட்டிலருகே இருக்க, சார்ஜென்ட்டே வந்து எலெவுத்தேரியோவின் விலங்கைக் கழற்றினார். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்ததால் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. மணிக்கட்டை மட்டும் நெடுநேரம் தேய்த்துக்கொண்டார். அடுத்த கட்டிலில் தோளில் கட்டோடு நிபால்டோ, தான் காஸ்பரை முட்டிச் சாய்த்த கதையைத் தாதியிடம் மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்போது வாசலில் லியொனோர் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. ரொசால்பா எழுந்து அவளிடம் போனாள். அடித்துவிடுவாளோ என்று நிபால்டோகூடப் பேச்சை நிறுத்தினான். ஒதிலியா நகரவில்லை.

"மன்னிச்சுடுங்க" என்றாள் லியொனோர்.

ரொசால்பா அவள் கழுத்தைப் பார்த்தாள், தூளியில் தொங்கிய கையைப் பார்த்தாள். "நீ வாங்கின அடிக்கு எனக்கும் அழுகை வருது. உன் அண்ணனை மட்டும் மன்னிக்கச் சொல்லாத. அது என்னால ஆகாது."

"சொல்ல மாட்டேன். நீதிபதிகிட்டே அவனுக்கு எதிரா நானே சாட்சி சொல்லப் போறேன்."

ரொசால்பா கதவிலிருந்து சற்று விலகி, அவளுக்கு வழி விட்டாள்.