இன்சோப்புக்கும் ஒரு தட்டு

சலவைக்கடையில் வரிசையாகத் தொங்கிய உடைகளில் ஒன்றின் பிளாஸ்டிக் உறை மட்டும் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது. கிஜோங் நின்று பார்த்தாள். ஆண்கள் அணியும் கோட்டு. கழுத்துப்பட்டைக்கு அருகே ஆவி மெல்லக் கூடியது, மெல்லக் குறைந்தது, மறுபடி கூடியது.

இஸ்திரிச் சூடாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அங்கே யாரும் இஸ்திரி போடுவதில்லை. சலவைக்கடை வெறும் வேஷம். தொங்கும் உடைகளை விலக்கிக்கொண்டு போனால் பின்சுவரில் ஒரு கதவு. கதவுக்குப் பின்னால், சியோலின் வசதியானவர்கள் காதோடு காதாகச் சொல்லி வைத்திருக்கும் மதுக்கூடம். பெயர்ப்பலகை கிடையாது.

கைப்பேசி அடித்தது. நாத்தனார் மிரான்.

“அண்ணி, எங்க இருக்கீங்க?”

“சாப்பிட வந்தேன்.”

“இன்னிக்கா? அம்மா காலைலேர்ந்து அடுப்படியிலயே நிக்கிறாங்க. எல்லாம் ரெடி. நீங்க வந்து படையல்ல ஒரு கோப்பை ஊத்தினாப் போதும்.”

“செத்தவங்களுக்குத்தானே ஊத்தணும்?”

பின்னணியில் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது.

“ஒன்பதாம் மாசம் ஒன்பதாம் நாள் அண்ணி. செத்த நாள் தெரியாதவங்களுக்கு இந்த ஒரு நாள்தான் இருக்கு. இதையும் விட்டா எங்கண்ணன் எங்க போவான்?”

“வீட்டுக்கு வருவான்.”

“அவனுக்கு நீச்சல்கூடத் தெரியாது.”

“வெச்சிடறேன் மிரான்.”

உடைகளுக்குள் நுழைந்தாள். பிளாஸ்டிக் கன்னத்தில் உரசியது, தோளைத் தடவியது, காதோரம் யாரோ காகிதத்தைக் கசக்குவதுபோல் சலசலத்தது. சலவை மருந்தின் காரமான நெடிக்கு அடியில், கடல் வற்றிய நேரத்தில் பாறைகளுக்கிடையே எழும் பாசி வாடை லேசாக வந்து போனது. திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளினாள்.

அவள் கணவன் இன்சோப் தென்கடலோரத் தோங்யோங் பக்கம் ஒரு பாறைத்தீவுக்கு மீன் பிடிக்கப் போனான். மாலையில் கூட்டிவரப் போன படகுக்காரர் பாறைமேல் அவனது பெட்டியைத்தான் கண்டார். உடல் கிடைக்கவில்லை. மற்றவர்கள் அழுது முடித்துவிட்டார்கள். கிஜோங் அழவில்லை. தினமும் படுக்கும் முன் வாசற்கதவருகே போய், அவன் வெளியே நின்று கேட்பவன்போல, “வந்துடு” என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பாள். அதைச் சொல்லாமல் ஓர் இரவும் போனதில்லை. அவனுக்குப் படையல் போட்டால் அவன் செத்தவன். போடாதவரை வராதவன், அவ்வளவுதான்.

அங்கே மாப்போவில், மாமியார் வீட்டில், செத்தவனுக்குப் பந்தி விரிக்கட்டும். அவள் உயிரோடிருக்கிறவனோடு சாப்பிடுவாள். அதற்குத்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தாள்.

“அடடே, அக்கா!” மதுமேடைக்குப் பின்னாலிருந்து தூஷிக் குனிந்து வணங்கினான். “துணி வாங்க வந்தீங்களா, துவைக்கப் போட வந்தீங்களா?”

“என்னையே துவைக்கணும்.”

“அதுக்கு ரேட்டு தனி. கறை பழசா இருந்தா இன்னும் கூட.”

சிரித்தாள். தூஷிக்கிடம்தான் அவளுக்குச் சிரிக்க வந்தது. இந்த அறையில்தான் இன்சோப் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டான். மோதிரத்தைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துத் தரும் யோசனை தூஷிக்குடையது. கட்டி உருகும்வரை மூன்று பேரும் அசடுவழிய உட்கார்ந்திருந்தார்கள்.

“ரெண்டு பேருக்கா அக்கா?”

“ரெண்டு பேருக்கு.”

மூலை மேசையில் எதிரெதிரே இரண்டு தட்டு வைத்தான். நடுவே மெழுகுவர்த்தி ஏற்றினான். கடை திறந்த வேளை. வேறு யாரும் வரவில்லை. கறுப்பு மரச்சுவர்கள் வெளிச்சத்தைக் குடித்தன. வெளியே தெரு இருப்பதற்கு அடையாளமே இல்லை. சத்தம் நுழையக்கூடாதென்று சுவருக்குள் பஞ்சு அடைத்திருப்பதாக இன்சோப் ஒருமுறை சொல்லியிருந்தான்.

“அந்த பீச் பழ மது கொடேன்.”

“இல்லக்கா. நேத்துத்தான் ஒரு பெட்டி வாங்கினேன். ஒரே ராத்திரியில மொத்தமும் அழுகிடுச்சு. இந்த மாதிரி பாத்ததே இல்ல.”

படையலில் பீச் வைக்கக்கூடாது என்பாள் மாமியார். ஆவி அண்டாதாம். கிஜோங் அந்த நினைப்பை ஒதுக்கித் தள்ளினாள். பழம் அழுகும். அதிலென்ன.

தூஷிக் தெளிந்த அரிசி மதுவை ஜாடியோடு கொண்டுவந்தான். இந்தக் கடையின் பெருமை அது. சின்னத் தட்டில் ஒரு மரச்சிராயைக் கொளுத்தினான். புகை நூலாக எழுந்தது. நிரப்பிய கோப்பையைப் புகைக்கு மேல் பிடித்து ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இன்னொன்று. பிறகு அதை எதிர்த் தட்டருகே வைத்தான்.

“இது அண்ணனுக்கு. அவர் எப்பவும் இதானே.”

“என்ன மரம் இது?”

“ஜூனிப்பர். வாசனை பிடிக்கலையா?”

அவளுக்குப் பிடிக்கும். எல்லோருக்கும் தெரிந்த வாசனை. துக்க வீட்டில் நுழைந்தவுடன் வருவது.

அடுத்து இலையுதிர்காலத் தட்டு. பேரீச்சை போன்ற சிவந்த இலந்தை, தோல் சீவிய கஷ்கொட்டை, பேரிக்காய், தக்காளி போல் பழுத்த சீமைப்பனிச்சை. நான்கும் வரிசையாக. வேறு பழம் எதுவும் இல்லை. படையலில் நான்கும் எந்த வரிசையில் வரவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வரிசையில்தான் இருந்தன. பின்னால் முழு மீன் ஒன்று, ஆவியில் வெந்தது. இறைச்சி. சோறு. அவள் மீனை விண்டு வாயில் போட்டாள்.

“பூண்டு இல்ல.”

“அப்படியா?”

“மிளகாயும் இல்ல.”

தூஷிக் தலையைச் சொறிந்தான். “புது சமையல்காரர். பருவத்துக்கு ஏத்தமாதிரி மென்மையா பண்றாராம். பூண்டு போடாத கொரியக்காரன்னா சந்தேகப்படணும்க்கா. உளவாளியா இருப்பான்.”

இந்தமுறை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படையல் சமையலில்தான் பூண்டும் மிளகாயும் சேர்ப்பதில்லை.

“பனிக்கட்டி தீந்துடுச்சு, கீழ போய் எடுத்துட்டு வரேன்” என்று அவன் போனான். சலவைக்கடைக் கதவைப் பாதி திறந்தபடி விட்டுப்போனான். சாத்திவிட்டுப் போ என்று சொல்ல வாயெடுத்தாள். யாரோ வருவதற்கென்றே திறந்து வைத்ததுபோல் இருந்தது. சொல்லவில்லை.

மெழுகுவர்த்தி அசையாமல் எரிந்தது. ஜூனிப்பர் புகை மேசைமேல் படிந்து, உயர மறுத்து, எதிர் நாற்காலியின் முதுகைச் சுற்றிக்கொண்டு நின்றது.

எதிர்த் தட்டைப் பார்த்தாள்.

சோற்றில் கரண்டி நெட்டுக்குத்தாக நின்றது.

அவள் நடவில்லை. தூஷிக்கும் நட்டிருக்க மாட்டான், உயிரோடிருப்பவர்கள் சோற்றில் அப்படிச் செய்யக்கூடாதென்று அடி வாங்கி வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். கையை நீட்டிப் பிடுங்கினாள். ஈரமாக இருந்தது. மேசைமேல் படுக்கவைத்தாள்.

மெழுகுவர்த்தி. புகை. நான்கு பழம். பூண்டில்லாத மீன். திறந்த கதவு. இந்த நாள்.

மாப்போவில் மாமியார் விரித்தது ஒன்று. இங்கே, தன் வாயாலேயே கேட்டு, இரண்டு பேருக்கு என்று சொல்லி, அவள் விரித்தது இன்னொன்று.

எழுந்துவிடலாம் என்று தோன்றியது. எழவில்லை. பயத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. அதற்கு அவள் வெட்கப்பட்டாள். அது ஆசை.

வெளியே பிளாஸ்டிக் சலசலத்தது.

ஓர் உறை. அடுத்தது. அடுத்தது. யாரோ உடைகளை விலக்கி வருகிறார்கள். அவசரமில்லை. ஒவ்வோர் அடிக்கும் நடுவே சொட்டும் சத்தம்.

அவள் மெழுகுவர்த்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலி பின்னால் இழுபட்டது. முனகியது. கனத்த ஏதோ அதில் அமர்ந்தது. பாசி வாடை மேசையைத் தாண்டி வந்து அவள் முகத்தில் படிந்தது.

முதலில் கைகளைப் பார்த்தாள். மேசைவிளிம்பில் இருந்தன. வெளுத்து, ஊறி, விரல்நுனிகள் சுருங்கியிருந்தன. மோதிரம் இருந்தது. மோதிரத்தின் இருபுறமும் சதை வீங்கியிருந்தது.

“ரொம்ப லேட்டாயிடுச்சா?”

அவன் குரல். எத்தனை இரவு இந்த வாக்கியத்தை அவளே சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

“இல்ல” என்றாள். “இப்பத்தான் ஆரம்பிச்சேன்.”

“நீ கூப்பிட்டுக்கிட்டே இருந்தே.”

“ஆமா.”

“அங்க எல்லாரும் தூங்கிட்டாங்க கிஜோங். எனக்கு முன்னாடி விழுந்தவங்க, பின்னாடி விழுந்தவங்க. ஒவ்வொருத்தருக்கா அவங்கவங்க வீட்டுல ஊத்துறாங்க. அவங்களும் கண்ண மூடிடறாங்க. நானும் மூடுவேன். உடனே நீ ‘வந்துடு’ம்பே. எந்திரிச்சு நடப்பேன்.”

“எங்க?”

“உன்கிட்டதான். கடலுக்கடியில பாதை இல்லம்மா. சேறு. மேடு ஏறணும். திரும்ப இறங்கணும். நீ சொல்றப்ப எல்லாம் நடந்தேன். கால் தேஞ்சு போச்சு.”

மேசைக்கு அடியில் அவள் பார்க்கவில்லை.

அவன் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினான். விளிம்புவரை நிறைந்திருந்தது. ஒரு சொட்டும் குறைந்திருக்கவில்லை.

“ஊத்து” என்றான்.

காலியாகாத கோப்பையில் யாரும் ஊற்றுவதில்லை. குடித்து முடிக்கும்வரை காத்திருப்பார்கள்; படையலில்தான் நிறைந்ததன்மேல் ஊற்றுவது. தெரியாமல் ஊற்றப் போனால் கையைத் தட்டிவிடுவார்கள். கல்யாணம் ஆன புதிதில் பேச்சு சுவாரசியத்தில் அவள் ஒருமுறை ஊற்றப் போக, இன்சோப் மேசையில் தலை சாய்ந்து செத்ததுபோல் நடித்து, “ஐயோ, என்னை முடிச்சிட்டாளே!” என்று கத்தியிருக்கிறான்.

“குறையவே இல்லையே” என்றாள்.

“தெரியும்.”

“குடி முதல்ல. குடிச்சா ஊத்தறேன்.”

“கிஜோங். அம்மா இப்ப ஊத்துறாங்க. எனக்குக் கேக்குது. ஆனா கூப்பிட்டது அம்மா இல்ல. நீ. நீதான் ஊத்தணும்.”

ஜாடியை எடுத்தாள். வாய்ப்பகுதி கோப்பைக்கு மேல் வந்து நின்றது. ஒரு சொட்டு போதும். சொட்டு விழுந்தால் நாற்காலி காலியாகும். அவன் தூங்குவான். நாளை இரவு அவள் வாசற்கதவருகே நின்று, யாரையும் கூப்பிடாமல், விளக்கை அணைப்பாள். அதற்கு அடுத்த நாளும். அதற்கு அடுத்த நாளும்.

அப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

கண்கள் இருந்த இடத்தில் கண்டதைக் கண்களென்றே அவளால் எடுத்துக்கொள்ள முடிந்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இவன் இன்சோப். நெற்றியில் முடி ஒட்டியிருக்கிறது. குளிர்கிறது இவனுக்கு. அவ்வளவுதான்.

ஜாடியைக் கீழே வைத்தாள். உள்ளங்கையால் அவன் கோப்பையின் வாயை மூடினாள்.

“கிஜோங்.”

“சாப்பிடு.”

“முடியலம்மா.”

“பழகிடும்.”

“என்னைத் தூங்க விடு.”

அவன் கெஞ்சி அவள் கேட்டதில்லை. நெஞ்சு பிளந்தது. பிளந்தும் கை அசையவில்லை. அழுத்தி மூடினாள். விரலிடுக்கில் மது கசிந்தது.

அவன் அழ வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. தண்ணீர் வந்தது. முதலில் உதட்டோரம் ஒரு கோடு. பிறகு நிறைய. கறுத்த நீர், மணலோடு, பாசித் துணுக்குகளோடு, தாடை வழியாகத் தட்டில் இறங்கி, சோற்றைக் கரைத்து, மேசைவிரிப்பில் பரவியது. கஷ்கொட்டைகள் மிதந்து அவள் பக்கம் வந்தன. அவள் மடியில் குளிர் சொட்டியது.

பின்னால் படிக்கட்டில் காலடி. நின்றது. பனிக்கட்டி வாளி தரையில் விழுந்து உருண்டது. “அக்கா…” என்று தூஷிக்கின் குரல் பாதியில் உடைந்தது. பிறகு அவன் ஓடும் சத்தம்.

அவள் திரும்பவில்லை. கோப்பையை மூடிய கையை எடுக்கவில்லை. மறுகையால் அவன் விரல்களைப் பிடித்தாள். தோல் வழுக்கியது. பிடியை இறுக்கினாள்.

“நாளைக்கும் வா” என்றாள்.

வழியும் வாயை மூட முடியாமல், அவளையே பார்த்தபடி, அவன் தலையசைத்தான்.