பத்தைவிடப் பெரிய ஏழு

நாகஜோதியின் அண்ணன் விக்னேஷ்குமார் விபத்தில் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலை, உலை வைத்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஜோதி, அவன் முகமாவது போட்டோவுல இருக்கு. குரலு மறந்துக்கிட்டே வருதுடி. நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், காதுக்கு வர மாட்டேங்குது."

ஆறாம் வகுப்பு படிக்கும் நாகஜோதி அடுப்பைத் தணித்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அண்ணனின் குரல் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. பாலிடெக்னிக்கில் படித்தபோது சிறுவர்களுக்காகக் கம்ப்யூட்டரில் பேசும் வினாடி வினா ஒன்றைச் செய்து, சி.டி.யில் பதிந்து வைத்திருந்தான். அதில் பேசுவது அவனேதான்.

சி.டி.யைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த நூர் முகமதுவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

அண்ணன் செய்தது என்று அவள் சொன்னதும் நூர் முகமது சி.டி.யைப் போட்டார். வினாடி வினா வரவில்லை. சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் வந்தது. அதில் ஆங்கிலத்தில் சில வரிகள்.

"என்ன மாமா போட்டிருக்கு?"

"பாட்டு, படமெல்லாம் ஓட்டுற சாப்ட்வேர் பழசாம். புதுசு போட்டுட்டு வாங்கங்குது. எனக்கே அல்வா குடுக்குதே! போன வாரம்தானே எல்லா மிஷினுக்கும் புதுசு போட்டேன்?"

சந்தேகத்தோடு அந்த சாப்ட்வேரைத் திறந்தார். மேலே 'ஹெல்ப்' என்ற இடத்தை அழுத்தி, 'அபவுட்' என்பதைத் தொட்டார். பதிப்பு 10 என்று காட்டியது.

"பாத்தியா? இதுக்கு மேல புதுசே கிடையாது. சி.டி.தான் கெட்டுப்போச்சு போல பாப்பா."

"விடுங்க தம்பி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்று அம்மா எழுந்தார். நாகஜோதி எழவில்லை.

அப்போது பக்கத்து இருக்கையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் கத்தினான். "அண்ணே! ஒண்ணாம் பாட்டுக்கு அடுத்து பத்தாம் பாட்டு இருக்கு. ரெண்டைக் காணோம்!"

"கீழ பாருப்பா, இருக்கும். அந்த லிஸ்ட்டுக்கு எண்ணத் தெரியாது. முதல்ல நிக்கிற எழுத்தைத்தான் பாக்கும். பத்துல முதல்ல ஒண்ணு நிக்குதுல்ல? அதான் ரெண்டுக்கு முன்னாடி வந்துருச்சு."

நாகஜோதி சாம்பல் கட்டத்தை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். தேவையான பதிப்பு: 7 அல்லது அதற்கு மேல். இருக்கும் பதிப்பு: 10.

"மாமா, ஏழைவிடப் பத்து பெருசுதானே?"

"ஒண்ணாப்புப் பிள்ளையே சொல்லிருமே!"

"இது சொல்லலையே. முதல்ல நிக்கிற ஒண்ணை மட்டும் பாத்திருக்கு. ஒண்ணு ஏழைவிடச் சின்னது, அதான் பழசுன்னு நெனைக்குது."

நூர் முகமது திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அடடே! உங்க அண்ணன் இந்த வினாடி வினாவை எழுதுனப்ப பத்தாம் பதிப்பு வரவே இல்ல. எப்பவும் ஒரே இலக்கமாத்தான் இருக்கும்னு நெனச்சிருக்கான்."

"கணக்குல அவன் எப்பவுமே அவசரக்காரன்," என்றார் அம்மா. சிரிக்கப்போவது போல ஆரம்பித்தார். சிரிப்பு வரவில்லை.

"அப்ப ஒன்பது இருந்தா ஓடும்ல மாமா?"

அவரிடம் கேட்டுக்கொண்டு, நாகஜோதி ஒவ்வொரு மிஷினாகப் போய் 'ஹெல்ப்', 'அபவுட்' என்று அழுத்திப் பார்த்தாள். பத்து. பத்து. பத்து. மூலையில் துண்டு போட்டு மூடியிருந்தது ஒன்று.

"அது பிரிண்ட் எடுக்க மட்டும்தான் பாப்பா. அதுக்குப் புதுசு போட மறந்தே போச்சு."

அது திறக்க வெகுநேரம் ஆனது. ஒன்பது!

சி.டி.யைப் போட்டதும் வண்ணப் படத்தோடு முதல் கேள்வி வந்தது. நாகஜோதி சரியான விடையை அழுத்தினாள். கைத்தட்டல் கேட்டது. அடுத்ததும் சரி. மறுபடி கைத்தட்டல் மட்டும்தான். அம்மாவின் முகம் வாடியது.

"குரலையே காணோமே?" என்றார் நூர் முகமது.

நாகஜோதி கொஞ்சம் யோசித்தாள். வீட்டில் அவள் பாடம் ஒப்பிக்கும்போது அண்ணன் எப்போது வாயைத் திறப்பான்? சரியாகச் சொன்னால் பேசாமல் இருப்பான். தப்பு விட்டால்தான் அவனுக்குக் கொண்டாட்டம்.

வேண்டுமென்றே தப்பான விடையை அழுத்தினாள்.

"அடடடா, போச்சே! பரவாயில்ல, இன்னொரு தடவை சொல்லுங்க பாப்போம்!"

அண்ணன்தான். அந்த இழுப்பு. அந்தக் கேலி.

நூர் முகமது கல்லூரிப் பையனிடம் பாட்டை நிறுத்தச் சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அதை இங்க குடு," என்று மவுஸை வாங்கினார்.

'சிறுமலையில் விளையும் பழம் எது?' என்று அடுத்த கேள்வி வந்தது. பத்து வருடமாகச் சிறுமலை வாழைப்பழம் விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் அம்மா. அவர் நிதானமாகப் பேரீச்சையை அழுத்தினார். பிறகு ஆப்பிளை. பிறகு மறுபடியும் பேரீச்சையை.

கடை அடைக்கும்வரை அம்மா ஒரு கேள்விக்குக்கூடச் சரியான விடை சொல்லவில்லை.